இடப்பக்கத்து முகம்

சென்னிமலை
3.11.2025

லோகப்பிரியாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். மாமாவின் போனுக்கும் பேசாதே. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது. பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும். எழுத்தில் இரண்டும் நடக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போக ஈரோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நான் தினமும் போகிற தனியார் வண்டிதான். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார்கள். பின்னால் புது விளம்பரம், பெரிதாக இரண்டு முகங்கள். நடுவில் ஒரு அம்புக்குறி. இடப்பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, யாரோ சீக்காளி, பாவம் என்று நினைத்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய், கண்ணுக்குக் கீழே கருத்து, நெற்றியில் பொட்டில்லை, காதில் தோடில்லை. மேலுதட்டு மச்சத்தைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

கண்டக்டர் தம்பி, "அக்கா, இனி உங்ககிட்ட டிக்கெட் வாங்குனா பாவமுங்க. வண்டியே உங்க மொகத்துலதான ஓடுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தேன். ஈரோடு வரும்வரை என் முகம் எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

கன்னத்துக்கு ஊசி போட உன் கிளினிக்குக்கு வந்தபோது, "ஃபைலுக்கு ஒரு போட்டோக்கா. பொட்டை எடுத்துரு, தோட்டைக் கழட்டிரு, சிரிக்காத" என்றாய். ஃபைலுக்கு என்றுதானே சொன்னாய்? தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கைப் போட்டாய். வீக்கம் வடிந்த பிறகு மறுபடியும் வரச்சொல்லி, பொட்டு வைத்து, ஜிமிக்கி மாட்டி, எதிரே வட்ட விளக்கை வைத்துச் சிரிக்கச் சொன்னாய். ஊசி போட்டது கன்னத்தில். ஆனால் ஊர் பார்ப்பது கன்னத்தை இல்லை. இடப்பக்கம் புருஷனைப் பறிகொடுத்தவள், வலப்பக்கம் சுமங்கலி. அவ்வளவுதான் பார்க்கிறார்கள்.

நான் ஏன் உன்னிடம் வந்தேன் என்பது உனக்குத் தெரியும். கடையில் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் நாங்கள்தான் சேலையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். கல்யாணப் பெண் சேலையைப் பார்க்கும்போது எங்கள் முகத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறாள். டைபாய்டு வந்து நான் இளைத்த பிறகு சூப்பர்வைசர் என்னை நைட்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா, பட்டுக்குக் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷான மொகம் வேணுமுங்க" என்றார். அந்த இடத்துக்குத் திரும்பிப் போகத்தான் வந்தேன். பஸ்ஸில் ஏற இல்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா வாசலிலேயே கேட்டுவிட்டாள். "ஏஞ் செவ்வந்தி, ஊட்டுக்காரரு நல்லாத்தான இருக்காரு? எதுக்கு இப்புடி வெறும் நெத்தியோட நின்னே?" மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தை மாதம் பூபதிக்குக் கல்யாணம். முப்பத்தெட்டு வயது வரை பெண் தேடி, தரகர்கள் காலில் விழாத குறையாக அலைந்து, இப்போதுதான் பவானியில் அமைந்திருக்கிறது. தம்பி கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் படத்தை எடுக்கச் சொல். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

செவ்வந்தி


கோயம்புத்தூர்
9.11.2025

அக்கா,

உன் கடிதத்தை கிளினிக்கில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்தால் மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கொடுத்தது நான்தான். யாரும் திருடவில்லை. ஈரோட்டில் புதுக் கிளை திறந்தார்கள். மார்க்கெட்டிங் ஆள் "நம்மூர் மொகமா ஒண்ணு வேணும் மேடம்" என்றான். வெளியூர் மாடல் முகத்தைப் போட்டால் ஈரோட்டில் யாரும் உள்ளே வருவதில்லையாம். உன் படங்களைக் காட்டினேன். அவன் துள்ளிக் குதித்தான். இன்ஸ்டாகிராமில் போடுவான், சென்னிமலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸை நான் நினைக்கவில்லை.

ஸ்டாஃப் குடும்பத்துக்குச் சலுகை என்று சொன்னேன் அல்லவா? அது படத்துக்குத் தருகிற சலுகை. சொன்னால் நீ வந்திருக்க மாட்டாய். வராமலிருந்தால் இன்றைக்கும் நைட்டி மடித்துக்கொண்டிருப்பாய். இப்போது பட்டுப் பிரிவில் நிற்கிறாயா இல்லையா?

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. படித்தது பி.காம். போட்டிருப்பது வெள்ளைக் கோட்டு. வருகிறவர்கள் "டாக்டரம்மா" என்கிறார்கள். திருத்தக் கூடாது என்று உத்தரவு. "வயசானா தோல் மட்டும் தொங்கறதில்லைங்க, உள்ள இருக்கற கொழுப்பு கொறையுது. தலையணையில பஞ்சு கொறைஞ்சா உறை சுருங்குமில்லீங்களா, அது மாதிரி. இந்த ஜெல்லை உள்ள வெச்சா மறுபடி நெறைஞ்சுரும். ஒரு வருசம் ஒண்ணரை வருசம் நிக்கும். அப்பறம் தானா கரைஞ்சுரும், மறுபடி போட்டுக்கலாம்." நாள் முழுவதும் இதைச் சொல்கிறேன். ஊசி போடுகிறவர் உண்மையான டாக்டர். அவர் முகத்தை நோயாளிகள் பத்து நிமிடம் பார்ப்பார்கள். ஒப்புக்கொள்ள வைப்பது நான்.

ரேஸ் கோர்ஸிலிருந்து வருகிற மில் முதலாளி வீட்டு அம்மாக்களையும் பொட்டெடுத்துத்தான் நிறுத்துகிறேன். தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றித்தான். அதே விளக்கு, அதே சுவர். ஆனால் அவர்கள் படம் எந்த பஸ்ஸிலும் வராது. கேட்கவே எங்கள் மேனேஜருக்குத் தைரியம் வராது. சலுகையில் வருகிறவள் முகம்தான் தெருவுக்கு வரும். உன் முகம் தெருவுக்கு வந்ததற்கு நான் காரணம். உன் முகம் மலிவாக இருந்ததற்கு நான் காரணம் இல்லை.

பொட்டைப் பற்றி எழுதியிருந்தாய். பொட்டை எடுத்ததால் மாமாவுக்குக் காய்ச்சல்கூட வரவில்லை. அந்தப் பாப்பாத்தியக்காவை ஒன்று கேள். உன் கன்னம் ஏன் அப்படிக் குழிந்தது என்று அவள் கேட்டாளா? ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்த்தாளா? நெற்றியைப் பார்க்க மட்டும் வருகிறார்கள்.

படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். கேட்டால் உடனே எடுப்பார்கள் என்று நம்பாதே.

லோகு


சென்னிமலை
20.11.2025

லோகு,

உன் கோபத்தில் பாதி என் மேல் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அடி விழுவது என் மேல்தான்.

மாமாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். அந்த வண்டி வரும்வரை இருந்து, பின்னால் நின்று பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். அடிப்பார் என்று நினைக்கவில்லை, திட்டுவார் என்று நினைத்தேன். "எப்ப அம்மணி நீ இப்புடி எளைச்சுப் போனே?" என்று கேட்டார். இத்தனை வருடமாக எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற மனிதர். பெரிதாக்கி பஸ்ஸில் ஒட்டினால்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் அவரே போய் ஆட்டுக்கால் வாங்கி வந்தார். சூப்பு வைத்துக் குடித்தேன். இதற்கெல்லாம் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

இப்போது உண்மையான விஷயம். நேற்று அம்மா போத்தனூரிலிருந்து பேசினாள். பூபதியின் கல்யாணத்தில், கூடப் பிறந்த சுமங்கலி மாப்பிள்ளை பக்கத்தில் நின்று செய்கிற இணைச்சீருக்கு நீ நிற்க வேண்டுமாம். நான் வேண்டாமாம்.

"நீ கோவிச்சுக்காத கண்ணு. சின்னவ நிக்கட்டும். பொட்டழிச்சு ஊர் பூராச் சுத்துன மொகத்தை வெச்சுக்கிட்டு நீ சீர் சாமான் வெச்ச பேழைமூடியை எடுத்தா, நாளைக்கு அவிய ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஒண்ணுன்னா உன்ற தலைமேலதான் போடுவாங்க. பவானிக்காரங்க என்ன நினைப்பாங்க?"

அப்பா போனபோது பூபதிக்கு ஆறு வயது. நீ கைக்குழந்தை. அம்மா மில்லுக்குப் போனாள். அவனுக்குத் தலை வாரி, சட்டை போட்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இழுத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு, அவனுக்கு ஒரு கல்யாணம் வராதா, நான் இணைச்சீர் சேலை கட்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் நிற்க மாட்டேனா என்றுதான் காத்திருந்தேன். நகை கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. கூடப் பிறந்தவளுக்கு என்று நம் சனத்தில் இருப்பது அந்த ஒரு இடம்தான்.

உன்னை நிற்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீயும் அவனுக்குத் தங்கைதான். நின்றால் நன்றாக நில். நான் பந்தியில் இருந்துகொள்கிறேன்.

செவ்வந்தி


கோயம்புத்தூர்
5.12.2025

அக்கா,

பந்தியில் இருந்துகொள்கிறாயாம். உன்னை நான் அப்படியே பிடித்து உலுக்க வேண்டும்.

அம்மாவிடம் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஆரு நிப்பா? தெருவுல போறவளையா கூப்புட்டு நிறுத்தறது?" என்று அழுதாள். அழட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

மேனேஜரிடம் பேசினேன். விளம்பரம் பங்குனி வரைக்கும் ஒப்பந்தமாம். "அந்தப் படம் நல்லா வேலை செய்யுது, ஏன் எடுக்கணும்?" என்கிறார். வேலை செய்வது உண்மை. ஈரோடு கிளைக்கு வாரத்தில் இரண்டு நாள் என்னை அனுப்புகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் உன் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்திகூட வலப்பக்கத்தைக் காட்டி "எனக்கு இப்படி வேண்டும்" என்று கேட்கவில்லை. எல்லோரும் இடப்பக்கத்தைத் தொட்டு, "என்ற மொகம் இப்புடித்தானுங்க இருக்குது" என்கிறார்கள்.

ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்க்கிற பெண். இன்னும் முப்பது ஆகவில்லை. அங்கன்வாடி டீச்சர் ஒருவர். சமையல் வேலைக்குப் போகிற செல்வநாயகி என்று ஒரு அம்மா. மகள் வீட்டு வளைகாப்பு வருகிறதாம், சம்பந்தி முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறதாம். இவர்களிடமும் நான் தலையணைக் கதையைத்தான் சொல்கிறேன். பஞ்சு குறைந்துவிட்டது என்று சொல்லலாம். யார் உருவினார்கள் என்று கேட்க எனக்கு அனுமதி இல்லை. மாதத் தவணைக் காகிதத்தை எடுத்து நீட்டுகிறேன். கையெழுத்துப் போடுகிறார்கள். "நல்லா இருப்பே தாயி" என்று வேறு சொல்கிறார்கள்.

அந்த அங்கன்வாடி டீச்சரிடம் மட்டும், "உங்களுக்கு இது வேண்டாமுங்க, ரத்தம் கம்மியா இருக்குது, முதல்ல பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேனேஜருக்குத் தெரிந்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்.

உன் படத்தை எடுக்க ஒரு வழிதான் இருக்கிறது. "அதைவிட நல்ல படம் ஒண்ணு கொடுங்க, அன்னைக்கே மாத்திடறேன்" என்று மார்க்கெட்டிங் ஆள் சொல்லியிருக்கிறான். பார்க்கிறேன். அதுவரைக்கும் அம்மாவிடம் சரி என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. நீ சரி என்று சொல்லிப் பழகியவள். வாயை மூடிக்கொண்டிரு, அது போதும்.

லோகு


சென்னிமலை
2.1.2026

அடி லோகு,

இன்று காலை பஸ்ஸுக்குப் பின்னால் நீ நின்றாய்.

அதே அம்புக்குறி. இடப்பக்கம் நீ, வெறும் நெற்றியோடு, காது மூளியாக, கண்ணுக்குக் கீழே இரண்டு பள்ளத்தோடு. வலப்பக்கம் நீ, பொட்டும் பூவுமாக. மேலே "முப்பதிலேயே தொடங்குங்கள்" என்று கொட்டை எழுத்து. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் கிளம்பிப் போய்விட்டது. கண்டக்டர் தம்பி படியில் தொங்கிக்கொண்டு, "அக்கா, வாங்க! தங்கச்சியே வந்துட்டாங்க, நீங்க வராம நிக்கறீங்க!" என்று கத்தினான். அடுத்த பஸ்ஸில்தான் போனேன். தாமதமாகப் போனதற்குச் சூப்பர்வைசர் முறைத்தார். முறைக்கட்டும்.

உன் கண்ணுக்குக் கீழே அப்படிப் பள்ளம் இருந்ததா? அல்லது விளக்கு செய்த வேலையா? எனக்குத் தெரியவில்லை. நான் உன்னைச் சரியாகப் பார்த்தே வெகுநாள் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவைக் குறை சொன்னேன், நானும் அதே ஆள்தான்.

அம்மா மத்தியானம் கடை நம்பருக்கே போன் போட்டுவிட்டாள். "ரெண்டு பேருமாச் சேந்து என்ற மானத்தை பஸ்ஸுல ஏத்திப்போட்டீங்களே! ஒருத்தி போதாதுன்னு இன்னொருத்தியா? இனி எவளைக் கூப்புடுவேன் நானு?" பட்டுப் பிரிவில் நின்றுகொண்டு, முதலாளி வீட்டு உறவுக்காரர்கள் எதிரிலேயே நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை.

வேண்டுமென்றேதான் செய்தாயா? உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? வலித்ததா? உடனே எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
8.1.2026

அக்கா,

வேண்டுமென்றேதான்.

அவர்களுக்கு ஒரு முகம் வேண்டும், நான் கொடுத்தேன். உனக்குப் பதிலாக இன்னொரு சலுகைக்காரியைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். செல்வநாயகியம்மாவைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். மனம் வரவில்லை. கண்ணுக்குக் கீழே ஊசி போடுவது கன்னத்தைவிட மோசம். இடது பக்கம் நீலம் கட்டி இரண்டு வாரம் கிடந்தது. "கட்டுனவன் அடிச்சானா?" என்று எங்கள் தெருவில் கேட்டுவிட்டார்கள். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். போன வாரம் ஈரோட்டுக்கு லோடு எடுத்துப் போனபோது உன் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாராம். "ஊட்டுலதான் உன்ற மொகத்தைப் பாத்துப் பயந்துக்கறேன்னா, ரோட்லயுமா? ஹாரன் அடிக்கக் கை வரல போ" என்றார். பள்ளம் உண்மையா விளக்கா என்று கேட்டாய். பாதிப் பாதி. அவ்வளவுதான் எங்கள் தொழிலே.

இப்போது அம்மாவுக்கு மகள்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வெறும் நெற்றி. பெரியப்பா பெண்ணை நிறுத்தலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். பூபதி லேத்துப் பட்டறையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல், "கூடப் பொறந்தவ ரெண்டு பேர் குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப நான் எதுக்குங்க கடனுக்கு அக்கா வாங்கோணும்? எங்கக்காதான் நிக்கும்" என்றானாம். நம் பூபதி! டீ வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொள்கிறவன்.

ஒன்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். போட்டோ எடுக்க நான் பொட்டை அழித்துவிட்டு அந்தச் சுவர் முன்னால் நின்றேன். எதிரே இருக்கிற திரையில் என் முகம் தெரிந்தது. அப்பா இறந்தபோது அம்மாவுக்கு இப்போதைய என் வயதுதான் இருந்திருக்கும். உன் படத்தைப் பார்த்து அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்று எனக்கு அந்த நிமிடம் புரிந்தது. பவானிக்காரர்களுக்காக இல்லை.

சேலை எடுக்க வரும்போது சொல். நானும் வருகிறேன்.

லோகு


சென்னிமலை
6.2.2026

அன்பு லோகு,

கல்யாண வீட்டில் உன்னோடு நிதானமாகப் பேச முடியவில்லை. நீ பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாய், இணைச்சீர் நடக்கும்போது மேலே வரவே இல்லை. அதனால் உனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களை எழுதுகிறேன்.

பெண் மேக்னாவின் அம்மா, நாம் பயந்துகொண்டிருந்த அந்தப் பவானிக்காரம்மா, மணவறைக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார். சரி, ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். காதருகில் வந்து, "ஏனுங்க அம்மணி, பஸ்ஸுல பாத்தனுங்க. அந்த ஊசி ரொம்ப வலிக்குமுங்களா?" என்று கேட்டார். தங்கச்சியைக் கேளுங்க என்று உன் பக்கம் கை காட்டிவிட்டேன். வந்தாரா?

இன்னொன்று. கூறைச்சேலை கட்டி, பேழைமூடியைக் கையில் வாங்கிக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றேன். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர், "ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார். அம்மாவைத் தேடினேன். சாமான் அறை வாசலில், மூட்டைகளுக்குப் பக்கத்தில், தன் மகனின் கல்யாணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். "எங்கம்மா வரட்டுமுங்க" என்றேன். "அவிய இதுக்கு வர மாட்டாங்களே" என்றார். "வரட்டுமுங்க, நான் நிக்கறேன்" என்றேன். நான் சரி என்று சொல்லிப் பழகியவள் என்று எழுதினாய் அல்லவா? பேழைமூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பூபதி, "வாம்மா, கால் வலிக்குது" என்றான். அம்மா தூண் வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு முழுதாகப் பார்த்தாள்.

மறு விருந்தெல்லாம் முடிந்து அம்மா இப்போது என்னோடு வந்து தங்கியிருக்கிறாள். ஒரு வருடம் நிற்கும் என்றாய், எனக்கு அதற்குள்ளேயே வலது கன்னம் கரைய ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் தெரிகிறது. மறுபடி போடுவதா, நைட்டி மடிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதியது வேறு விஷயத்துக்காக.

இன்று எனக்கு விடுமுறை. மத்தியானம் துணி எடுத்து வைக்க உள்ளே போனேன். அம்மா பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு விரலால் கன்னத்தை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பது போலத் துடைத்தாள். துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங் கண்ணு, அந்த ஊசி, தாலியறுத்தவளுக்கெல்லாம் போடுவாங்களா?"

எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. வலிக்குமா என்றும் கேட்கவில்லை.

சின்னவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் இருக்கிறாள். நான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியும். தண்ணீர் குடிக்க வருவது போல இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அவளுக்கு என்ன சொல்ல?

அக்கா